கப்பம் கட்டாத ஊர்

செஞ்சிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், மென்பொருளுக்கு விலை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்த இரண்டொருவரும் வெளியில் சொல்லவில்லை. இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் காந்தி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் நான் டி.டி.பி. சென்டர் திறந்தபோது மேசை, நாற்காலி, யு.பி.எஸ்., லேசர் பிரிண்டர் என்று எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. மெஷினுக்கு உயிர் கொடுத்த பேஜ்மேக்கர், போட்டோஷாப், கோரல் டிரா, கூடவே நாலைந்து தமிழ் எழுத்துருத் தொகுப்புகள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே பாலித்தீன் உறைக்குள் அடங்கிவிட்டன. உறையின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ‘ஆல் இன் ஒன்’ என்று எழுதியிருந்தது. விலை, அன்றைய கணக்கில் ஒரு பிரியாணி. சீரியல் நம்பரும் சிடிக்கு உள்ளேயே ஒரு நோட்பேட் கோப்பில் தயாராக இருக்கும். பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கிற அந்த நாணயத்தை நான் பிறகு எந்தக் கம்பெனியிடமும் பார்க்கவில்லை.

ஊர் ராசி அப்படி என்று வைத்துக்கொள்ளலாம். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டபோது, தர முடியாது என்று சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போய் 1714-இல் போர்க்களத்தில் செத்த ராஜா தேசிங்கு ஆண்ட ஊர் இது. அவனுக்கு மூன்று மலைக்கோட்டை துணை. எங்களுக்கு ஒரு சிடி டிரைவ் போதுமானதாக இருந்தது. எங்கள்மேல் யாரும் படையெடுத்தும் வரவில்லை.

இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அன்றைக்குத் திருடினோம், ஒருவனும் எங்களை வாடிக்கையாளர் என்று அழைக்கவில்லை, நாங்களும் யாரிடமும் குறை சொல்லவில்லை. போட்டோஷாப் பாதி வேலையில் படுத்துவிட்டால் மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டி மறுபடி ஆன் செய்வோம். இன்றைக்கு ஒரு பைசா கட்டாத எனக்கு ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே’ என்று வாரத்துக்கு இரண்டு மின்னஞ்சல் வருகிறது. ஐந்து நிமிடம் சர்வர் நின்றால் எனக்குக் கோபமும் வருகிறது.

அந்தக் காலத்துச் சிடிகளுக்கு நடுவே சட்டப்படி இலவசமாக வந்தவையும் சில உண்டு. வின்ரார் என்று ஒன்று. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் மென்பொருள். 40 நாள் சோதித்துப் பாருங்கள், பிறகு காசு கட்டுங்கள் என்பது அதன் நிபந்தனை. 41-ஆவது நாள் ஒரு பெட்டி எழும்பும். உங்கள் தவணை முடிந்தது, வாங்கிவிடுங்கள் என்று பணிவாகச் சொல்லும். பெட்டியை மூடினால் பழையபடி வேலை செய்யும். என் கடையில் அந்தப் பெட்டியை மூடுவது காலையில் வாசல் தெளிப்பதுபோல் ஒரு சடங்காகிவிட்டது. உலகம் முழுக்க இதே கதை என்பதும், அந்தக் கம்பெனிக்கே அது தெரியும் என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் இருப்பவன் பெட்டியை மூடிக்கொள்வான், தணிக்கைக்குப் பயப்படும் பெரிய ஆபீஸ்காரன் காசு கட்டுவான் என்பது அவர்கள் கணக்கு. 1995-இலிருந்து அந்தக் கணக்கு தப்பவில்லை.

டேலியின் கணக்கு இன்னும் அருமை. பெங்களூரில் பிறந்த அந்தக் கணக்கு மென்பொருளை லைசென்ஸ் இல்லாமலேயே திறக்கலாம், ‘எஜுகேஷனல் மோட்’ என்று பெயர். எல்லா வசதியும் இருக்கும். தேதி மட்டும் 1, 2, 31 இந்த மூன்றைத் தவிர வேறெதையும் ஏற்காது. எங்கள் ஊரில் டேலி படித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் உலகத்தில் சரக்கு வாங்குவது ஒன்றாம் தேதி, விற்பது இரண்டாம் தேதி, சம்பளம் 31-ஆம் தேதி. ஏப்ரல், ஜூன் மாதங்களில் சம்பளமே கிடையாது. மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் இதையும் விடவில்லை. மாதம் முழுக்க நடந்த கொள்முதலை ஒன்றாம் தேதியிலும், விற்பனையை இரண்டாம் தேதியிலும் ஏற்றி, உண்மையான தேதியைக் குறிப்புக் கட்டத்தில் தட்டச்சு செய்து பல மாதம் ஓட்டினார். பிறகு ஆடிட்டர், “இன்னாங்க இது, ரெண்டே நாள்ல இத்தனை மூட்டையா? ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துலகூட இவ்ளோ வராதே” என்று கேட்டதும் மறுநாளே போய் லைசென்ஸ் வாங்கினார். சும்மா கொடுப்பதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று யாராவது பாடம் எடுத்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். படிக்கிறவனுக்கு முழுசாகக் கிடைத்தது. பிழைக்கிறவனுக்கு உதவவே இல்லை. வேலி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

நானும் சும்மா கொடுக்கும் தொழிலில் இருந்தவன்தான். டி.டி.பி.யோடு பிரவுசிங் சென்டரும் வைத்திருந்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலை, சந்து முழுக்க சைக்கிள். ரிசல்ட் பார்ப்பது இலவசம் என்று அட்டையில் எழுதி மாட்டியிருப்பேன். நம்பரைச் சொன்னால் நானே தட்டி மார்க்கைப் படித்துச் சொல்வேன். ஆனால் மகன் ஆயிரத்துக்கு மேல் எடுத்திருக்கிறான் என்று கேட்ட எந்த அப்பாவும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதில்லை. பிரிண்ட் அவுட் ஐந்து ரூபாய், கலர் பதினைந்து. ஃபெயிலான பிள்ளைகளிடம் நான் ஒன்றும் வாங்கவில்லை. அவர்களுக்கு அச்செடுக்கவும் ஒன்றுமில்லை. இதற்கெல்லாம் ‘ஃப்ரீமியம்’ என்று அமெரிக்காவில் 2006-இல் பெயர் வைத்தார்களாம். எங்கள் சந்தில் பெயர் வைக்காமலேயே நடந்துகொண்டிருந்தது.

இமெயில் ஐடி திறந்து கொடுப்பதும் இலவசம். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஒரு ஜிபி இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது ஏப்ரல் ஃபூல் என்று உலகமே சிரித்தது. அதற்குமுன் யாஹூ, ஹாட்மெயிலில் சில எம்பிக்குள் ஒடுங்கிக் கிடந்தோம். ஐடி திறந்தவர்கள் எல்லாரும் கடை வாசல் தாண்டுவதற்குள் பாஸ்வேர்டை மறந்துவிடுவார்கள் என்பதால், ஊர்ப் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு குயர் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வாத்தியார், வக்கீல், கவுன்சிலர், மேல்மலையனூர் அமாவாசைக்குக் கடை போடுகிறவர் என்று சகலரின் ரகசியமும் அந்த நோட்டில் அகர வரிசையில் இருந்தது. மெயில் பார்க்க வேண்டும் என்றால் என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். மணிக்கு இருபது ரூபாய். வாடிக்கையாளரை விட்டுப் போகாமல் பிடித்து வைப்பது எப்படி என்று பெரிய பெரிய கம்பெனிகள் கூட்டம் போட்டு யோசிப்பதாகக் கேள்வி. எனக்கு ஒரு குயர் நோட்டு போதும்.

உண்மையாகவே சும்மா கொடுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் இவையெல்லாம் இல்லாவிட்டால் செஞ்சியில் யுனிகோட் தமிழ் அடிக்க இன்னும் பத்து வருஷம் ஆகியிருக்கும். தனி மனிதர்களும் தன்னார்வக் குழுக்களும் ஒரு பதிப்பகமும் கொடுத்தவை அவை. மேலே தங்கத் திட்டம், வைரத் திட்டம் என்று ஒன்றும் கிடையாது; பெட்டி எழும்பாது. 2005-இல் மத்திய அரசும் தமிழ் எழுத்துருக்களும் கருவிகளும் அடங்கிய சிடியை இலவசமாகத் தந்தது. நாங்கள் நன்றி சொன்னோமா? அதுதான் இல்லை. ரிச்சி தெருச் சிடிக்காவது ஒரு பிரியாணிக் காசு கொடுத்திருந்தோம்.

அப்புறம் 2011. செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வர ஆரம்பித்தது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை ஒன்று, வீட்டில் மேசைகூட இல்லாத பிள்ளை, மடியில் கணினியோடு என் கடைக்கு வந்து, “அண்ணா, இதுல பாட்டு ஏத்திக் குடுங்கணா” என்று கேட்ட நாளை மறக்க முடியாது. மேலே முதல்வர் படம், உள்ளே விண்டோஸும் பாஸ் லினக்ஸும். பாஸ் லினக்ஸ் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அரசாங்கச் சரக்கு, சுத்தமாக இலவசம். அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் விளையாட்டு ஏற்றித் தரச் சொல்லித்தான் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு திருட்டில் கிடைக்கும்வரை, நிஜமான இலவசத்தைச் சீண்ட ஆளில்லை. இலவசத்துக்கு முதல் எதிரி விலை இல்லை, திருட்டுச் சிடிதான் என்பது என் கட்சி.

சிடி செத்தது. மென்பொருள் மெஷினை விட்டுக் கிளம்பி இணையத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. திருட வழியில்லை, மாசாமாசம் சந்தா. கைப்பேசியில் நெட் சல்லிசானதும் பிரவுசிங் சென்டரும் படுத்தது. குயர் நோட்டை ஒருநாள் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஊர் மானத்தைக் காப்பாற்றிய புண்ணியம் எனக்கு உண்டு.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. பஜாரில் அதுவரை துண்டுச் சீட்டில் கணக்குப் போட்ட கடைகளெல்லாம் எச்.எஸ்.என். கோடு தேடி என்னிடம் வந்தன. அப்போது ஒரு பில்லிங் செயலி, பெயர் வேண்டாம், ‘என்றென்றும் இலவசம்’ என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பில்லுக்குக் கணக்கில்லை, வாடிக்கையாளருக்குக் கணக்கில்லை. ஹார்டுவேர் கடை, உரக்கடை, பாத்திரக்கடை என்று வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கொரு டீயும் தவணையில் நூறு இருநூறும் கிடைத்தது. ஊரே அச்சடித்த பில் கொடுத்தது. செஞ்சி வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் கை விரலைத் துண்டுக்குள் மறைத்து விலை பேசிய மனிதர் ஒருவர், தீவனக் கடையில் கியூஆர் கோடோடு பில் போடுவதைப் பார்க்கக் கண் குளிர்ந்தது.

சில வருஷத்தில் மின்னஞ்சல் வந்தது. ‘உங்களுக்கு இன்னும் சிறப்பாகச் சேவை செய்யும் பொருட்டு’ என்று தொடங்கியது. அப்படித் தொடங்கும் கடிதம் எதுவும் நல்ல சேதி கொண்டு வந்ததில்லை. இனி மாதம் 50 பில்தான் இலவசம். அது நியாயம், நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த வரியில்தான் விஷம்: இலவசக் கணக்கில் கடைசி 90 நாள் பில்களை மட்டும் பார்க்கலாம், பழையதைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும். மொத்தமாக இறக்கிக்கொள்ளவும் பணம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பில்லாகத் திறந்து பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். உரக்கடைக்காரர் கம்பெனியைத் திட்டவில்லை. கம்பெனி அவருக்கு எங்கே தெரியும்? நேராக என் கடைக்கு வந்தார்.

“நீதானப்பா போட்டுக் குடுத்த?”

“ஆமாண்ணா. ஆனா கம்பெனிக்காரன் இப்ப…”

“கம்பெனிக்காரன் மூஞ்ச நான் பாத்தனா? ஒன் மூஞ்சதான் பாத்தேன்.”

அந்தக் கம்பெனிக்குச் செஞ்சியில் கிளை இருந்தது, அது நான்தான். சம்பளம் மட்டும் கிடையாது. கடைப் பையன்களோடு உட்கார்ந்து ராத்திரியெல்லாம் பில் இறக்கினோம். ஒரு பில்லுக்கு நாலு கிளிக். பிடிஎஃப் ஒவ்வொன்றின் அடியிலும் ‘இலவசத் திட்டத்தில் உருவாக்கப்பட்டது’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

நாளைய பில்லுக்குக் காசு கேட்பது வியாபாரம். நேற்றைய பில்லைப் பிடித்து வைத்துக்கொண்டு காசு கேட்பதை எங்கள் பக்கத்தில் வேறு பெயரால் சொல்வார்கள். இந்த வித்தியாசம் பெரிய கம்பெனிகளுக்கும் தெரியாமலில்லை. கூகுள் போட்டோஸ் 2015-இல் தொடங்கியபோது, கொஞ்சம் சுருக்கிய படங்களை எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் ஏற்றிய படங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை; முணுமுணுப்போடு முடிந்தது. அதே கூகுள், சொந்த டொமைனில் அஞ்சல் வைத்துக்கொள்ள 2006-இல் கொடுக்கத் தொடங்கிய இலவசத்தைப் புதியவர்களுக்கு 2012 டிசம்பரில் நிறுத்தியது. பழையவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். 2022 ஜனவரியில் அவர்களும் ஜூலைக்குள் காசு கட்ட வேண்டும் என்றதுதான் தாமதம், உலகம் பூராவும் கூச்சல். மே மாதம் இறங்கி வந்து, சொந்த உபயோகம் என்றால் இலவசமாகவே தொடரலாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பத்து வருஷத்துக்கு மேல் சும்மா கொடுத்த நல்ல பெயர் நாலு மாதத்தில் கரைந்தது.

இந்த வயிற்றெரிச்சலோடு நான் இருக்கும்போதுதான் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தான். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் விலை நிர்ணயக் குழுவில் வேலை. ஒரு பொருளுக்கு விலை வைக்க ஒரு குழு, அதற்கு எம்.பி.ஏ. படித்த பிள்ளை! எங்கள் பஜாரில் அதைக் கடைக்காரர் வாடிக்கையாளரின் செருப்பைப் பார்த்தே முடித்துவிடுவார். இலவசத் திட்டத்தை வைப்பதா எடுப்பதா என்று அவர்கள் ஆபீசில் அப்போது பெரிய சண்டையாம்.

“மாமா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. உங்கள மாதிரி ஆளுங்கதான் எங்களுக்குத் தலைவலி.”

“நான் இன்னாடா பண்ணேன்?”

“காசு குடுக்கிறவன் மாசத்துக்கு ஒருவாட்டி கூப்பிடுவான். ஃப்ரீ பிளான்ல இருக்கிறவன் தினம் ரெண்டு டிக்கெட் போடுவான். அதுலயும் ‘உடனே சரி பண்ணலன்னா வேற கம்பெனிக்குப் போயிடுவேன்’னு மிரட்டுவான். போயேன்டான்னு இருக்கும்.”

அவன் சொன்னதில் பொய்யில்லை. கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் 2018-இல் பங்குச் சந்தைக்குப் போனபோது கொடுத்த கணக்குப்படி, பதிவு செய்தவர்கள் 50 கோடிக்கு மேல்; காசு கட்டியவர்கள் 1 கோடியே 10 லட்சம். நூறு பேர் பந்தியில் உட்கார, மொய் எழுதுகிறவர் இரண்டு பேர். அடுத்த வருஷமே இலவசக்காரர்களுக்கு மூன்று சாதனம்தான் என்று கட்டுப்பாடு வந்தது.

“அதனால ஃப்ரீயே வாணாம்னு நான் சொல்றேன். பதினாலு நாள் ட்ரையல். பிடிச்சா கட்டு, பிடிக்கலன்னா போ.”

“பதினாலு நாள்ல செஞ்சியில இன்னாடா நடக்கும்? மண்டிக்காரரு ஐப்பசியில ஒன் ஆப்பப் போட்டு வெப்பாரு. தையில நெல்லு வர்ற வரைக்கும் கம்ப்யூட்டர் பக்கம் தலைவெச்சிப் படுக்கமாட்டாரு. மொத மூட்ட எறங்கறதுக்குள்ள ஒன் ட்ரையல் முடிஞ்சி மூணு ரிமைண்டர் வந்திருக்கும்.”

அவன் யோசித்தான். நான் விடவில்லை. “கோட்டைக்கு ஏறும்போது பதினஞ்சு வயசு வரைக்கும் ஒனக்கு டிக்கெட் கெடயாது. ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சும்மாவே ஏறி எறங்கின. இப்ப ஃப்ரெண்ட்ஸு ஏழெட்டுப் பேரக் கூட்டிக்கினு வந்து எல்லாருக்கும் நீயே டிக்கெட் வாங்கற. தொல்லியல் துறைக்காரன் ஒன்ன மடக்கிட்டானா இல்லையா?”

“கோட்டைக்குப் போட்டிக் கோட்டை கெடயாது மாமா. அதுவுமில்லாம, கோட்டை கட்டின செலவு எந்த ராஜா காலத்துலயோ முடிஞ்சிபோச்சி. எங்களுக்கு சர்வர் வாடகை மாசாமாசம்.”

எம்.பி.ஏ. வீண்போகவில்லை. சிடி காலத்தில் நான் ஒரு பிரதி திருடியதால் அமெரிக்காக்காரனுக்குப் புதுச் செலவு ஒன்றும் கிடையாது. வரவேண்டியதில் குறையும், அவ்வளவுதான். இன்றைக்கு நான் சும்மா உட்கார்ந்து பில் போட்டால் எங்கேயோ ஒரு மெஷின் கரண்டு தின்கிறது, அதன் பில்லை வேறொருவர் கட்டுகிறார். அந்த வேறொருவர் யார் என்று பார்த்தால் இலவசத்தின் ஆயுள் தெரிந்துவிடும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

நம்மூர் உதாரணமே இரண்டு இருக்கிறது. ஸ்ரீதர் வேம்பும் கூட்டாளிகளும் 1996-இல் தொடங்கிய கம்பெனி பிறகு ஸோஹோ ஆயிற்று. வெளி முதலீட்டாளர் காசில்லாமல் சொந்த லாபத்தில் ஓடுகிறது. தென்காசிப் பக்கம் கிராமத்தில் ஆபீஸ் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய இலவச அஞ்சல் கஞ்சத்தனமானது: ஐந்து பேர், ஆளுக்கு 5 ஜிபி, உலாவியிலோ அவர்களுடைய செயலியிலோதான் பார்க்கலாம், அவுட்லுக்கில் இழுக்க முடியாது. இன்னொரு பக்கம், வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்கும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க். 2010-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி விலையை ஏற்றியதும் அதன் வாடிக்கையாளர்கள் கொதித்த கதையைப் படித்துத்தான் கிரிஷ் மாத்ருபூதத்துக்கு இந்தக் கம்பெனி யோசனையே வந்தது. முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து, ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் ஏறியது. பத்துப் பேர் வரை இலவசம் என்றிருந்தது பின்னால் இரண்டு பேருக்குச் சுருங்கியது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. பங்குதாரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்கும் வீட்டில் பந்தி நீளாது. என்னைக் கேட்டால், முதல் நாளே கஞ்சத்தனமாக இருப்பவனோடு காலம் தள்ளுவது சுலபம்.

ஸோஹோவின் கணக்கு மென்பொருளில் ஒரு தமாஷும் உண்டு. ஆண்டு வரவு 25 லட்சத்துக்குள் இருக்கும் சிறு வியாபாரிக்கு இலவசம் என்று வைத்தார்கள். தர்மமான வேலி. ஆனால் தமிழ்நாட்டில் சரக்கு விற்கிறவருக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவே கட்டாயமில்லை. 25 லட்சத்துக்குள் இருக்கிற மளிகைக்காரர் எதற்காகக் கணக்கு மென்பொருளைத் தொடப் போகிறார்? அவருக்கு அண்ணாச்சி டைரி இருக்கிறது. தேவைப்படும்போது அவர் வேலிக்கு வெளியே நிற்பார். அரசாங்கமே 2019-இல், ஒன்றரைக் கோடிக்குள் வியாபாரம் உள்ளவர்களுக்கு ஜி.எஸ்.டி. தளத்தின் வழியாக இலவச பில்லிங் மென்பொருள் என்று அறிவித்தது. அளவான வேலி அதுதான். பஜாரில் சொல்லிப் பார்த்தேன். “கவர்மெண்டு சும்மா குடுக்குதுன்னா நம்ம பில்லையெல்லாம் அவன் பாப்பான்” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். அவர்கள் போடும் பில்லைப் பார்க்கத்தான் ஜி.எஸ்.டி.யே வந்தது என்று நான் விளக்கவில்லை.

அக்கா மகனின் கம்பெனியில் கடைசியில் சமாதானம் ஆயிற்றாம். மூன்று பேர் வரை இலவசம், போன் உதவி கிடையாது, எப்போது வேண்டுமானாலும் தரவு முழுவதையும் இறக்கிக்கொண்டு போகலாம். கடைசி ஷரத்தைச் சேர்க்கச் சொன்னது தான்தான் என்று போனில் சொன்னான். உரக்கடைக்காரரிடம் சொன்னேன். “இன்னா விலை?” என்றார். இலவசம் என்றேன். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். இப்போது வருஷத்துக்குக் காசு கட்டி வேறொன்று வைத்திருக்கிறார். ராஜா தேசிங்கு ஊரிலும் கப்பம் கட்டுகிறவர்கள் உருவாகிவிட்டார்கள். அதற்கு ஒரு ‘என்றென்றும் இலவசம்’ தேவைப்பட்டது.

2025 ஜூலையில் மராத்தியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று எங்களுடையது. சிவாஜி 1677-இல் பிடித்ததற்கு இப்போது பலன். கோட்டைப் பக்கம் டீக்கடை, தங்கும் விடுதி, ஆட்டோ என்று எல்லாருக்கும் திடீரென்று ஆங்கிலத்தில் போர்டு வேண்டும். பேஜ்மேக்கர் காலம் போய்விட்டது, கேன்வாவில் செய்கிறேன். இலவசம்தான். ஆனால் நல்ல படமாகப் பார்த்துத் தொட்டால் ஓரத்தில் ஒரு சின்னக் கிரீடம் இருக்கும். கிரீடம் வைத்ததற்குக் காசு. கோட்டை ஊரில் உட்கார்ந்துகொண்டு கிரீடமில்லாத படமாகத் தேடித் தேடிப் போர்டு செய்கிறேன்.

அதே ஜூலையில்தான் செயற்கை நுண்ணறிவு வந்து கதவைத் தட்டியது. ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி புரோ ஒரு வருஷம் சும்மா. அக்டோபர் கடைசியில் ஜியோகாரர்களுக்கு 35,100 ரூபாய் மதிப்புள்ள ஜெமினி 18 மாதம் சும்மா. நவம்பர் 4 முதல், மாதம் 399 ரூபாய் விலையுள்ள சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம் இந்தியா முழுக்கச் சும்மா. ஒரு பில் போடுவதைவிட, ஒரு மெயில் அனுப்புவதைவிட, இதில் ஒரு கேள்வி கேட்பது கம்பெனிக்கு அதிகச் செலவு என்கிறான் அக்கா மகன். ஒவ்வொரு கேள்விக்கும் கரண்டு. அப்புறம் எதற்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். “பழக்கம் ஆவட்டும்னுதான் மாமா. நீங்க மட்டும் ரிசல்ட்ட எதுக்குச் சும்மா காட்டினீங்க?”

பழக்கம் ஆகித்தான் விட்டது. முன்பெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு வாழ்த்துக் கவிதை வேண்டுமென்றால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வீட்டுக்கு ஆள் அனுப்புவேன். அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எண்சீர் விருத்தமாகக் கொடுப்பார், மாப்பிள்ளை பெயர் தளை தட்டினால் பெயரையே மாற்றச் சொல்வார். இப்போது கைப்பேசியில் பெயர்களைச் சொன்னால் மூச்சு விடுவதற்குள் பதினாறு வரி வருகிறது. தளை கிளையெல்லாம் கேட்கக்கூடாது. போன வாரம் சிங்கவரத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். கவிதையைப் படித்துச் சந்தோஷப்பட்டார். கவிதைக்கு ஐம்பது ரூபாய் என்று பில்லில் பார்த்ததும் முகம் மாறியது.

“இன்னாணா, மெஷினு சும்மாதான எழுதுது? அதுக்கு எதுக்கு காசு?”

எனக்கு அக்கா மகனின் சங்கடம் முழுசாகப் புரிந்தது. பேரம் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: முதல் கவிதை இலவசம், பிடிக்கவில்லை, மாற்றி எழுது என்றால் இரண்டாவதிலிருந்து இருபது ரூபாய்.

“மொதக் கவிதையே நல்லாத்தான் கீது, அதையே போடுங்க” என்று சொல்லிவிட்டு, மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தைப் புரட்டி, “இந்தப் புள்ளையார் படம் சும்மாதான?” என்றார்.